மூச்சுக்கு அலையும் சேறு

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை அடியோடு பொய்த்துப்போன ஒரு வருஷம் வந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருஷம் ஆடி மாதத்தில், பிள்ளைப்பாக்கத்தை ஒட்டிய ஒரு கொல்லையில் நாங்கள் கிணறு வெட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது இது.

என்னைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நான் சேரப்பணஞ்சேரிக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன வயதிலிருந்தே நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. கல்யாணப் பந்தியில் இன்னொரு கரண்டி சோறு கேட்கக் கூச்சப்பட்டு அரை வயிற்றோடு எழுந்து வந்திருக்கிறேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வாய் வராமல், படப்பையில் இறங்க வேண்டியவன் அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். யாராவது ஒன்று கேட்டால் முடியாது என்று சொல்லவும் தெரியாது. என் மனைவி, "ஊமையைக் கட்டிக்கினா சைகையாவது பண்ணுவான்" என்று சொல்வாள்.

கிணறு வெட்டும் ஜமாவில் எனக்கு அந்தக் குணம் வசதியாகவே இருந்தது. ஆழத்தில் இறங்கிவிட்டால் பேச ஆள் இல்லை. கடப்பாரை உண்டு, மண் உண்டு. மேலே வானம் ஒரு தட்டு அளவுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

ஆனால் அந்த வருஷம் எல்லோரும் களைத்துப்போயிருந்தோம். தை மாதத்திலிருந்து ஊர் ஊராகப் போய் வெட்டிக்கொண்டிருந்தோம். எங்கே வெட்டினாலும் புழுதி. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணீர் வரும் வரும் என்று கிணற்றுக்காரர்கள் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பார்வைதான் வேலையைவிடக் கஷ்டம். ராத்திரி படுத்தால் கடப்பாரை பிடித்த விரல்கள் தூக்கத்திலும் மடங்கியே இருக்கும். காலையில் ஒவ்வொன்றாக நீட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

பிள்ளைப்பாக்கத்துக் கிணற்றில் மேலே செம்மண், அதன் கீழே மணல், அதன் கீழே வெளுத்த களி. அந்தக் களியைப் பிளந்தால் உள்ளே சிப்பி இருந்தது. இலை அச்சும் இருந்தது. கடல் எங்கேயோ இருக்க, இங்கே ஏது சிப்பி என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. கடப்பாரைக்குச் சுலபமாக விட்டதே என்று சந்தோஷப்பட்டோம். அதற்கும் கீழேதான் கருங்களி வந்தது. கறுப்பென்றால் அடுப்புக்கரிக் கறுப்பு. பலகை பலகையாக உரியும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நடுநடுவே பித்தளைத் தூள் தூவியது போல மஞ்சளாக மினுக்கும்.

ராட்டினத்தில் வடம் இழுக்கிறவர் ஒருத்தர் எங்கள் ஜமாவில் இருந்தார். எல்லாவற்றுக்கும் கேலி பேசுவார். முதல் கூடை கருங்களி மேலே வந்ததுமே, "டேய், தங்கம்டா! மேஸ்திரி, நாளையிலேர்ந்து நான் வேலைக்கு வரல. வூடு கட்டப் போறேன்" என்று குதித்தார். கிணற்றுக்காரர் நிஜமாகவே ஓடிவந்து ஒரு துண்டை மடியில் கட்டிக்கொண்டார். வாசத்தைப் பார்த்ததும் அவிழ்த்துக் கீழே போட்டார்.

கருங்களி வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, வரப்பு வழியாக ஓர் ஆள் வந்தார். கையில் குடை, தோளில் துணிப்பை, பையில் சின்னச் சுத்தியல். வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் கிணற்றுக்காரருக்கு முகம் மாறிவிட்டது. கம்பெனி கட்ட நிலம் தேடிக்கொண்டு ஆட்கள் அந்தப் பக்கம் அலைய ஆரம்பித்திருந்த காலம் அது. யாராவது குனிந்து மண்ணை எடுத்துப் பார்த்தாலே நிலம் போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

"இன்னா சாமி, அளக்க வந்தியா?" என்று நேராகவே கேட்டார் கிணற்றுக்காரர்.

"இல்லைங்க, கல்லு பார்க்க வந்தேன்."

"கல்லுல இன்னா கீது பாக்கறதுக்கு?"

வந்தவர் சிரித்தார். பட்டணத்துக் காலேஜ் ஒன்றில் மண்ணும் பாறையும் பற்றிப் பாடம் சொல்கிறவராம். லீவு நாளில் டீக்கடையில் விசாரித்து, கிணறு வெட்டுகிற இடமாகப் பார்த்துப் போவாராம். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து நாற்பது. ஆனால் எங்களைப் போலவே களைத்த முகம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வெயிலில் நடந்து, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. எங்கள் ஆட்கள் அவருக்குக் கல்லு வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் மண்மேட்டில் உட்கார்ந்து பலகை பலகையாகப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிப்பி இருந்த வெளுத்த களியைப் பிளந்தார், சும்மா தலையாட்டினார். கருங்களியைப் பிளந்தார், உற்று உற்றுப் பார்த்தார். ஒன்றைப் பிளந்து பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. கடைசியில் தனக்குத்தானே, "ஒண்ணுமே இல்ல" என்றார். பொக்கிஷம் கிடைத்தவர் மாதிரி சொன்னார்.

நான் மேலே வந்து கூழ் குடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்க ஆசை. வாய் வரவில்லை. குடித்து முடித்து, சொம்பைக் கழுவி வைத்து, திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லாததுக்கா சார் இவ்ளோ சந்தோசம்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரைக்கும் அவரிடம் யாரும் எதையும் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை போல. அவரும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் ஆரம்பித்தார்.

"மேல இருக்கிற களியில சிப்பி இருக்கு, இலை இருக்கு. அப்போ இங்க கடல் இருந்துச்சு, கரையில மரம் இருந்துச்சு. சரியா? ஆனா அதுக்கும் முந்தி படிஞ்ச இந்தக் கறுப்புல ஒரு சிப்பி இல்ல, ஒரு புழு ஊர்ந்த தடம்கூட இல்ல. கடல் இருந்துச்சு. ஆனா அடியில உயிர் இல்ல."

"அதெல்லாம் எங்க பூட்ச்சு?"

"செத்துப் போச்சு. மூச்சு முட்டி."

தண்ணீரில் இருக்கிற பிராணிக்கு எப்படி மூச்சு முட்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவர் ஏரியைக் காட்டினார். சித்திரை வெயிலில் ஏரி வற்றும்போது மீன்கள் என்ன செய்யும் என்று கேட்டார். எனக்குத் தெரியும். வெதுவெதுப்பான கலங்கலில் வாயை மேலே நீட்டிப் பிளந்து பிளந்து மூடும். பிள்ளைகள் கையாலேயே அள்ளுவார்கள். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் காற்று குறைந்துவிடும், அதனால்தான் மீன் அப்படித் தவிக்கிறது என்றார் அவர். குளத்தில் பச்சைப் பாசி மண்டி, அது அழுகும்போது மிச்சக் காற்றையும் அதுவே எடுத்துக்கொள்ளும் என்றார். அதையும் நான் பார்த்திருக்கிறேன். பாசி அழுகிய குளத்தில் அடிச்சேறு இப்படித்தான் கறுத்து நாறும்.

"ஒரு குளத்துக்கு நடக்கிறது கடலுக்கே நடந்தா?" என்று கேட்டார்.

பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால், கடலுக்கு அடியிலும் தரையிலும் பூமி பிளந்து நெருப்புக் குழம்பு பொங்கியதாம். ஒரு நாள் இரண்டு நாள் கூத்து இல்லை. ஊர்கள் தோன்றி அழிந்து, மறுபடி தோன்றி அழிகிற அளவு காலம் விட்டு விட்டுப் பொங்கியதாம். குழம்போடு வந்த வாயு ஆகாயத்தில் போய்த் தங்கிக் கம்பளி மாதிரி பூமியைப் போர்த்திக்கொண்டது. உள்ளே சூடு ஏறியது. பனி மூடிக் கிடக்கும் துருவத்தில்கூட அப்போது பனி இல்லை, காடு இருந்தது என்றார். சூட்டில் மழை அடித்துக் கொட்டி, பாறையைக் கரைத்து, அந்தச் சத்தையெல்லாம் ஆறுகள் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தன. கடல் முழுக்கப் பாசி. பாசி செத்து அடியில் விழுந்து அழுக, ஏற்கெனவே சூடான தண்ணீரில் இருந்த கொஞ்ச நஞ்சக் காற்றும் தீர்ந்துபோயிற்று. அடியில் இருந்த உயிர்களுக்கு ஓடிப்போக இடம் இல்லை. அவை செத்தன. மக்கிப்போகக்கூட வழியில்லாமல் அந்தச் சேறு கறுப்பாகவே படிந்தது.

"அந்தச் சேறுதான் இதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. உலகத்துல அங்கங்க இப்படிக் கறுப்பா ஒரு படிவு கிடைக்குது, அதுக்கு எரிமலைதான் காரணம்னு இப்பதான் ஒரு சிலர் சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க. இதுவும் அதுவும் ஒண்ணான்னு பார்க்கத்தான் அலையறேன்" என்றார்.

ராட்டினக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "எங்கியோ மலை எரிஞ்சுதாம், பிள்ளைப்பாக்கத்துல நண்டு செத்துச்சாம். எங்கூட்டுக்காரி கோவமும் இப்டித்தான் சார். எரியறது அவ அம்மா வூட்ல, கருகறது நானு" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். கல்லு வாத்தியாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு மட்டும் அந்த வார்த்தை மனதில் தங்கிவிட்டது. கடலுக்கு மூச்சு முட்டியது. அடுத்த தடவை கீழே இறங்கியபோது, காலுக்கடியில் கருங்களியைத் தொட்டுப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

அதன் பிறகு ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா வந்தது. காப்புக் கட்டினால் மண்ணில் கடப்பாரை போடக்கூடாது. சில நாள் வேலை நின்றது. ஆடு மாடு விழாமல் இருக்கக் கிணற்று வாயில் மூங்கிலைப் பரப்பி, தென்னங்கீற்றுப் போட்டு நெருக்கமாக மூடிவிட்டு வந்தோம். அந்த நாட்களில் ஒரு இலை அசையவில்லை. அப்படி ஒரு புழுக்கம்.

திரும்ப வேலைக்குப் போன காலையில், எங்கள் ஜமாவின் வழக்கப்படி கற்பூரம் ஏற்றினோம். அந்த வழக்கம் இதுதான். வேலை நின்று மறுபடி தொடங்கும் நாளில், அகல் ஓட்டில் கற்பூரம் கொளுத்தி, அதை வாளியில் வைத்துக் கிணற்றின் அடிவரைக்கும் இறக்க வேண்டும். அடியில் நின்று எரிந்தால் கங்கையம்மா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அணைந்தால் அவளுக்கு ஏதோ குறை. அன்றைக்கு யார் முதலில் இறங்குகிறாரோ அவர்தான் கொளுத்த வேண்டும். அது என் முறை.

எங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். மேஸ்திரி இதை ஒருநாளும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. நானும் கற்பூரம் கொளுத்துவேன், பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இறங்குவேன். இத்தனை வருஷமாக இரண்டுக்கும் சண்டை வந்ததில்லை.

அன்றைக்கு வாளி பாதிக் கிணறு தாண்டியதும் கற்பூரம் அணைந்தது. காற்றில்லாத நாளில் எப்படி அணைந்தது என்று மேலே எடுத்து மறுபடி கொளுத்தினேன். அதே இடத்தில் அணைந்தது. யாரோ ஊதியது போல இல்லை. சுடர் சிறுத்து, நீலமாகி, போய்விட்டது.

ராட்டினக்காரர்தான் ஆரம்பித்தார். "வேதக்காரன் கையால குடுத்தா ஆத்தா வாங்குவாளாடா? திருவிழா முடிஞ்ச சூடு இன்னும் அடங்கல அவளுக்கு."

அவர் கேலியாகத்தான் சொன்னார். எப்போதும் பேசுகிற பேச்சு. ஆனால் கிணற்றுக்காரர் அதை வினையாக எடுத்துக்கொண்டார். தண்ணீருக்காக வாய் வறண்டு காத்திருக்கிறவர் அவர். "அப்போ வேற ஆளு கொளுத்துங்கப்பா. எனக்குத் தண்ணி வரணும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தரையில் பள்ளம் இருந்தால் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

மேஸ்திரி எலுமிச்சம்பழம் அறுத்து நான்கு பக்கமும் பிழிந்தார். தேங்காய் உடைத்தார். தானே கற்பூரத்தைக் கொளுத்தி, கிணற்றைச் சுற்றிக் காட்டி, கரை விளிம்பில் வைத்தார். அது நிமிர்ந்து எரிந்தது. "ஏத்துக்கினா" என்றார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். அடியில் எரிய வேண்டிய கற்பூரம் கரையில் எரிகிறதே என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அம்மனின் குறையைத் தீர்ப்பதிலேயே மனம் போய்விட்டது.

"நானே எறங்கறேன்" என்றேன். முறை என்னுடையது என்பதற்காக மட்டும் இல்லை. அத்தனை பேர் பார்வையிலிருந்தும் மறைந்துகொள்ள அந்தக் கிணறு ஒன்றுதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து வரப்பில் குடை தெரிந்தது. கல்லு வாத்தியார் மறுபடி வந்துவிட்டார். வந்தவர் வாளியில் கிடந்த பாதி எரிந்த கற்பூரத்தைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். ராட்டினக்காரர் நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். வாத்தியாருக்கு முகம் வெளுத்தது.

"இறங்காதீங்க. கொஞ்சம் பொறுங்க" என்றார். அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. போடத் தெரியாத மனிதர்.

கிணற்றுக்காரர் எரிந்து விழுந்தார். "நீ வந்து மண்ணை நோண்டிக்கினு போன, அன்னிலேர்ந்துதான் வெனை. இப்போ எறங்காதேன்றியா? தண்ணி வந்துட்டா நெலத்தை எழுதி வாங்க முடியாதேன்னு பாக்கறியா?"

வாத்தியார் தடுமாறினார். நான் அதற்குள் ஒரு காலைச் சுவரில் வெட்டிய கால்குழியில் வைத்துவிட்டேன். அவர் என் பக்கத்தில் வந்து குனிந்து மெதுவாக, "எனக்காக ஒண்ணு பண்ணுங்க. கயிறு கட்டிக்கிட்டு இறங்குங்க" என்றார்.

மேஸ்திரிக்கு ரோசம் வந்துவிட்டது. "மூணு தலைமொறையா கெணறு வெட்டறோம் சார். கயித்தைக் கட்டிக்கினு எறங்கறவன் எங்க ஜமால இல்ல. கழுதையைத்தான் கட்டி எறக்குவாங்க."

எங்கள் தொழிலில் அது உண்மையிலேயே அவமானம்தான். புதிதாக வந்தவன்கூட கட்டிக்கொள்ள மாட்டான். ஆனால் எனக்குத்தான் யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாதே. ஏற்கெனவே எல்லோரும் சிரித்தாயிற்று, இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று இரண்டு கையையும் தூக்கிக் கொடுத்தேன். அவரே வடத்தின் நுனியை என் அக்குளுக்குக் கீழே சுற்றி முடிச்சுப் போட்டார். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"போகும்போது பேசிக்கிட்டே போங்க. நிறுத்தக்கூடாது" என்றார்.

கரையே சிரித்தது. "அவன் மேலயே பேச மாட்டான் சார், கீழ பூட்டா பேசப் போறான்?" என்றார் ராட்டினக்காரர்.

இப்போது நினைத்தால் உடம்பு சில்லிடுகிறது. அவர் சொன்னது நிஜம். நான் கீழே போய் ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் கிடந்தாலும் ஒருத்தரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். என் ஊமைத்தனம் அவர்களுக்குப் பழகியிருந்தது.

என்ன பேசுவது என்று விழித்தேன். வாத்தியார், "சுவத்துல என்ன தெரியுதோ அதைச் சொல்லிட்டே போங்க. எனக்கும் உதவியா இருக்கும்" என்றார்.

இறங்கினேன். "செம்மண்ணு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "செம்மண்ணுதான் இன்னும்... சரளைக்கல்லு... மணலு." மேலேயிருந்து அவர், "ம், சொல்லுங்க" என்றார். "மணலு முடிஞ்சுது. வெள்ளைக் களி. சிப்பி கீது. இங்க ஒரு இலை. சின்ன இலை." இத்தனை நாள் அந்தச் சுவரை வெட்டியவன், ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி இருந்தது. பாதிக்கு மேல் தாண்டியிருப்பேன். கால் விரலில் கருங்களி தட்டியது.

"கறுப்பு" என்றேன்.

அதுதான் நான் சொன்ன கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு பேச நினைத்தது ஞாபகம் இருக்கிறது. வாய் திறக்கச் சோம்பலாக இருந்தது. பயமே இல்லை. இருமலோ நெஞ்சடைப்போ எதுவும் இல்லை. தை மாதத்திலிருந்து சேர்ந்த களைப்பெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து, 'உட்காரு, போதும்' என்று தோளைத் தொட்டது போல இருந்தது. எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? மடங்கிக் கிடந்த என் விரல்கள் அத்தனை மாதத்துக்குப் பிறகு தாமாகவே விரிந்தன.

கண் விழித்தபோது மண்மேட்டில் கிடந்தேன். முதுகுக்கடியில் கருங்களிப் பலகைகள் குத்தின. முகத்தில் தண்ணீர். அந்த வறட்சியில் கிணற்றுக்காரரின் சம்சாரம் குடிக்க வைத்திருந்த பானையையே என் தலையில் கவிழ்த்திருக்கிறாள். தலை பிளந்துவிடும் போல வலித்தது. வாந்தி எடுத்தேன்.

நடந்ததைப் பிறகு சொன்னார்கள். என் குரல் நின்றதும் வாத்தியார் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். மற்றவர்கள், "கூச்சப்படறான் சார்" என்றிருக்கிறார்கள். அப்போதுதான் அந்த மனிதர் முதல் தடவையாகக் கத்தியிருக்கிறார். "இழுங்கய்யா!" என்று ஊர் எல்லை வரைக்கும் கேட்டதாம். கத்திக்கொண்டே தானே இழுக்க ஆரம்பித்திருக்கிறார். ராட்டினக்காரர் எட்டிப் பார்த்து, நான் தலை தொங்கிக் கயிற்றில் ஆடுவதைக் கண்டதும், என்னைத் தூக்க உள்ளே குதிக்கப் போயிருக்கிறார். மேஸ்திரிதான் அவர் இடுப்பு வேட்டியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினாராம். அவர் குதித்திருந்தால், அவருக்குக் கயிறு இல்லை.

என்னைக் கேலி செய்து கீழே அனுப்பிய அதே ஆள், என் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திறந்ததும், "அடப்பாவி, ஆத்தா உன்னையும் வாணாம்னுட்டாடா" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார்.

வாத்தியார் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். சாக்குக்கட்டி பிடித்த கை. இரண்டு உள்ளங்கையிலும் தோல் வழித்துக்கொண்டு போயிருந்தது. மேஸ்திரி தன் துண்டைக் கிழித்து அவர் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரிதான் கேட்டார். "கெணத்துல இன்னா சார் இருந்துச்சு? வெஷக் காத்தா?"

"இருந்தது ஒண்ணும் இல்ல. இல்லாமப் போனதுதான்" என்றார் அவர். "அந்த மஞ்சள் மினுக்கல் இருக்கே, அது காத்துல இருக்கிற உயிர்ப்பை உறிஞ்சிடும். மூடி வெச்ச கிணத்துல, கொஞ்சம் கொஞ்சமா, எல்லாத்தையும் எடுத்துக்கும். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரிதான். விளக்குக்கும் மிஞ்சாது, ஆளுக்கும் மிஞ்சாது." கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "மூச்சில்லாத கடல்ல படிஞ்ச சேறு அது. இத்தனை கோடி வருஷம் கழிச்சும் மூச்சுக்கு அலையுது" என்றார்.

கிணற்றுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "கற்பூரம்..." என்று மேஸ்திரி இழுத்தார்.

"உங்க வழக்கம் சரியாத்தான் சொல்லிச்சு. ரெண்டு தடவை அணைஞ்சு காட்டிச்சே. வேணாம்னு சொன்ன பிறகு அதை மேல கொண்டுவந்து ஏத்திட்டீங்க" என்றார் வாத்தியார். பிறகு என்னைப் பார்த்து, "நான் அப்பவே கத்தியிருக்கணும். அதுவரைக்கும் எனக்கும் நிச்சயமாத் தெரியாது, படிச்சதுதான். அதோட, நாலு பேர் முன்னால எனக்கும் சத்தம் வராது" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். நன்றி என்றுகூட நான் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

அடுத்து வந்த நாட்களில் வேப்பங்கிளைகளைக் கொத்தாக வடத்தில் கட்டி, ஏற்றி இறக்கிக் கிணற்றுக்குக் காற்றுக் காட்டினார்கள். கற்பூரம் அடியில் நின்று எரிந்த பிறகே இறங்கினார்கள். எங்கள் மேஸ்திரி அதற்குப் பிறகு ஒரு கிணற்றிலும் யாரையும் கயிறில்லாமல் இறக்கவில்லை. கருங்களி முடிந்த இடத்தில் தண்ணீரும் வந்தது. ஆனால் நாற்றத்தில் எருமைகூட வாய் வைக்கவில்லை. கிணற்றுக்காரர் அந்தக் கரையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். அப்படிப்பட்ட வருஷம் அது.

கல்லு வாத்தியாரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் கட்டுப் போட்ட கையால் கல்லைத் தூக்க முடியாமல் வெறும் பையோடுதான் பஸ்ஸுக்குப் போனார். அவர் திரும்பி வந்தால் கொடுக்கலாம் என்று ஒரு கருங்களிப் பலகையை என் வீட்டு மாடத்தில் எடுத்து வைத்தேன். அடுத்த மழை வருவதற்குள் அது தானாகவே வெள்ளை பூத்து, பொலபொலவென்று உதிர்ந்து, தூளாகிவிட்டது. என் மனைவி அதைப் பெருக்கித் தள்ளினாள்.

இப்போது நான் கிணறு வெட்டப் போவதில்லை. பக்கத்தில் வந்திருக்கிற ஒரு கம்பெனியில் ஹெல்பராக இருக்கிறேன். பூமிக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ யாராவது இறங்கினால், சூப்பர்வைசர் சொல்லாமலேயே நான் போய் வாயருகில் நின்றுகொள்வேன். "இன்னாப்பா, கீறியா? எதுனா பேசிக்கினே இரு" என்று கத்துவேன். ஷிப்டில் எல்லோரும் சிரிப்பார்கள். ஊமை வாயைத் திறந்துட்டான் என்பார்கள். சிரிக்கட்டும். உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்வரை நான் நகர மாட்டேன்.

வயது ஏறுகிறது, களைப்பும் அடிக்கடி வருகிறது. அது இதமாகத் தோளைத் தொட்டு 'உட்காரு, போதும்' என்று சொல்லும்போதெல்லாம் நான் கண்ணில் படுகிற எதையாவது வாய்விட்டுப் பெயர் சொல்லிப் பார்க்கிறேன். மேலேயிருந்து யாரோ ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு 'ம், சொல்லுங்க' என்று கேட்டுக்கொண்டிருப்பதாகவே இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.